மஹகோனியா, மஹோகனியா? ஒரு கரீபிய மரத்துக்குப் பெயர் வந்த வழி

கேள்வி இதுதான்: கரீபியத் தீவுகளின் மகோகனி, ஹோண்டுராஸ் மகோகனி, ஆப்பிரிக்க மகோகனி எல்லாம் ஒரே மரமா? தாவரவியல் பெயராக ஸ்வீட்டெனியா மஹகோனி என்று எழுதி, அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'எல்.' என்றும், அப்புறம் 'ஜாக்.' என்றும் போடுகிறார்களே, அது எதற்கு? இந்த மரம் வேம்புக்கு உறவு என்று சொல்வது உண்மையா?

சுருக்கமாகச் சொன்னால், மூன்றும் ஒரே மரம் இல்லை. கரீபிய மகோகனியும் ஹோண்டுராஸ் மகோகனியும் ஒரே பேரினத்தின் இரண்டு சிற்றினங்கள். ஆப்பிரிக்க மகோகனி வேறு பேரினம். மூன்றுமே வேப்பங்குடும்பத்தைச் சேர்ந்தவை, அதனால் வேம்புக்கு உறவு என்பது உண்மைதான். ஆனால் இந்தச் சுருக்கமான பதில் போதாது. இந்த மரத்துக்குப் பெயர் அமைந்த விதத்தில், வகைப்பாட்டியல் எப்படி வேலை செய்கிறது என்பதே தெரிந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் காயைக் கையில் எடுத்துப் பார்த்துவிடலாம். மகோகனிக் காய் கிளையில் தொங்காது, காம்பின் மேல் நிமிர்ந்து நிற்கும். மலாய் மொழியில் இதற்கு 'துஞ்சுக் லாங்கிட்', அதாவது வானத்தைச் சுட்டுவது என்று பெயர். முற்றிய காய் பழுப்பாக, மரக்கட்டை மாதிரி இறுகியிருக்கும். வெடிக்கும்போது காம்புப் பக்கத்திலிருந்து மேல்நோக்கிப் பிளக்கும். ஐந்து தடித்த ஓடுகள் கழன்று விழுந்துவிடும். நடுவில் ஐந்து முனையுள்ள ஒரு தண்டு மட்டும் நிற்கும். அதைச் சுற்றி ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு அடுக்கியது போல விதைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். ஒவ்வொரு விதைக்கும் ஒரே பக்கமாக ஒரு நீண்ட சிறகு, தண்டின் உச்சியிலிருந்து அந்தச் சிறகால்தான் விதை தொங்கும். ஒன்றைப் பிய்த்து மேலே வீசினால் சுழன்று சுழன்று இறங்கும். விதையைக் கடித்தால் நாக்கு சுருண்டுவிடும், வேப்பங்கொட்டைக்குக் கொஞ்சமும் குறையாத கசப்பு.

அந்தக் கசப்புக்குக் காரணம் உண்டு. வேம்பு, மலைவேம்பு, மகோகனி எல்லாவற்றிலும் லிமனாய்டு என்ற ஒரே வகைச் சேர்மங்கள்தான் கசப்பைத் தருகின்றன. வேம்பின் அசாடிராக்டின் அதில் ஒன்று, மகோகனி விதையின் ஸ்வீட்டெனின் இன்னொன்று. குடும்பத்தின் பெயர் மீலியேசியே. அந்தக் குடும்பத்துக்குள் இரண்டு பெரிய கிளைகள் இருக்கின்றன. வேம்பும் மலைவேம்பும் ஒரு கிளை. மகோகனி, செட்ரெலா, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் தூனா, ஆப்பிரிக்க மகோகனி என்று சொல்லும் காயா இவையெல்லாம் இன்னொரு கிளை. எனவே வேம்பும் மகோகனியும் கூடப்பிறந்தவை இல்லை, ஒன்றுவிட்ட முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, பெயருக்கு வருவோம். அச்சில் மகோகனி என்ற சொல் ஆங்கிலத்தில் 1671இல் வருகிறது, ஜமைக்காவின் மரங்களைச் சொல்லும் இடத்தில். அது எந்த மொழிச் சொல் என்பது இன்றுவரை தீரவில்லை. ஒரு கருத்து எனக்கு முக்கியமாகப் படுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்கள் தங்கள் ஊர் காயா மரத்தை 'ஒகன்வோ' என்பார்கள். ஜமைக்காவுக்கு அடிமைகளாகப் பிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்கள் அங்கே நின்ற மரத்தைப் பார்த்து, இது நம் ஊர் மரம்தானே என்று அதே பெயரைச் சொல்லியிருக்கலாம், அதுதான் திரிந்து மகோகனி ஆனது என்பது அந்தக் கருத்து. சொல்லாராய்ச்சியாளர்கள் பலர் இதை ஏற்கவில்லை, சான்று போதாது என்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். காயாவும் ஸ்வீட்டெனியாவும் நிஜமாகவே நெருங்கிய உறவு. அப்படி யாராவது பார்த்துச் சொல்லியிருந்தால், அது தவறான அடையாளம் இல்லை. ஐரோப்பியத் தாவரவியலாளர்கள் பின்னால் எழுதிவைத்ததை அவர்கள் முன்பே கண்ணால் கண்டிருக்கிறார்கள்.

கரீபியத்தில் அந்த மரத்துக்கு வேறு பெயர்களும் உண்டு. கியூபாவிலும் டொமினிக்கன் குடியரசிலும் 'கவோபா', தீவுகளின் பழங்குடி மொழியிலிருந்து ஸ்பானியத்துக்கு வந்த சொல். டொமினிக்கன் குடியரசுக்கு அதுதான் தேசிய மரம். பஹாமாஸில் 'மதேரா' என்பார்கள், போர்த்துகீசியத்தில் மரம் என்றே பொருள். பிரெஞ்சு பேசும் இடங்களில் 'அக்கஜூ'. இங்கேதான் பெரிய குழப்பம், ஏனென்றால் அக்கஜூ என்பது பிரேசிலின் துப்பி மொழியில் முந்திரி மரத்தின் பெயர். இலங்கையில் நாம் கஜு என்று வாங்கித் தின்பதும் அதே சொல்தான். ஒரு பழைய பிரெஞ்சுப் பத்திரத்தில் அக்கஜூ என்று கண்டால், அது முந்திரியா மகோகனியா என்று சுற்றுமுற்றும் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஊர்ப்பெயர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை, அவற்றில் வரலாறு இருக்கிறது. ஆனால் எந்த மரம் என்று உறுதியாகச் சொல்லும் வேலையை அவற்றால் செய்ய முடியாது.

அறிஞர்கள் வைத்த பெயர்களும் தொடக்கத்தில் சுலபமாக இல்லை. மார்க் கேட்ஸ்பி என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் பஹாமாஸில் இந்த மரத்தைப் பார்த்து, 1731 முதல் 1743 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட தன் பெரிய நூலில் படத்தோடு சேர்த்தார். அவர் கொடுத்த லத்தீன் பெயர் ஒரு முழு வாக்கியம். இறகு போல் பிரிந்த இலை, நுனியில் ஒற்றைச் சிற்றிலை கிடையாது, நடுநரம்பு ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடும், காய் பெரியது, பைன் விதை போலச் சிறகுள்ள விதை. இந்த அளவுக்கு நீளும் ஒரு விவரணை. பெயராகக் கூப்பிட முடியாது, ஆனால் பார்வை துல்லியமானது. இன்றைக்கும் ஒரு மகோகனி இலையைப் பறித்து வைத்துப் பாருங்கள். சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக முடியும், நுனியில் தனி இலை இருக்காது. ஒவ்வொரு சிற்றிலையிலும் நரம்பின் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் இருக்கும். கேட்ஸ்பி சொன்னது அப்படியே பொருந்தும்.

அடுத்து லின்னேயஸ், உயிரினங்களுக்கு இருசொல் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் நாட்டு அறிஞர். தாவரப் பெயர்களுக்கு இன்றைய விதிப்படி தொடக்கம் அவருடைய 1753ஆம் ஆண்டு நூல்தான், அதற்கு முந்தைய எந்தப் பெயரும் கணக்கில் வராது. 1756இல் பேட்ரிக் ப்ரௌன் என்ற ஐரிஷ் மருத்துவர் ஜமைக்காவைப் பற்றிய தன் நூலில் செட்ரெலா என்ற பேரினத்தை உருவாக்கினார். சுருட்டுப் பெட்டி செய்யும் வாசனை மரம் அந்தப் பேரினத்தில்தான் இருக்கிறது. 1759இல் லின்னேயஸ் மகோகனியையும் அதே பேரினத்துக்குள் வைத்து 'செட்ரெலா மஹகோனி' என்று பெயரிட்டார். வெளித்தோற்றத்தில் இது புரிந்துகொள்ளக்கூடியதே. இரண்டும் உயரமான மரம், இரண்டுக்கும் கூட்டிலை, கட்டைபோன்ற காய், சிறகுள்ள விதை.

பூவைப் பிரித்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். மகோகனிப் பூ ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, வெளிர்ப்பச்சை கலந்த வெள்ளை, ஐந்து இதழ். நடுவில் மகரந்தத்தாள்கள் பத்தும் ஒட்டிச் சேர்ந்து ஒரு குட்டிக் கூஜா போல நிற்கும், அதன் வாயில் பத்துப் பற்கள், உள்பக்கமாகப் பத்து மகரந்தப்பைகள். செட்ரெலாப் பூவில் ஐந்தே மகரந்தத்தாள்கள், ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். காயிலும் வித்தியாசம் உண்டு. செட்ரெலாவின் காய் உச்சியிலிருந்து பிளக்கும், மகோகனியின் காய் அடியிலிருந்து பிளக்கும். லின்னேயஸின் முறையே மகரந்தத்தாள்களை எண்ணி வகுப்புப் பிரிப்பது. அவருடைய சொந்தக் கணக்குப்படியே, ஐந்து தாள் வகுப்பில் பத்துத் தாள் மரம் ஒன்று உட்கார்ந்திருந்தது.

இதைச் சரிசெய்தவர் நிகோலாஸ் ஜோசஃப் ஜாக்குவின். லெய்டனில் பிறந்தவர். வியன்னா பேரரசர் முதலாம் ஃபிரான்சிஸ், ஷோன்ப்ரூன் அரண்மனைத் தோட்டத்துக்குச் செடி சேகரிக்க இவரைக் கரீபியத்துக்கு அனுப்பினார். 1755 முதல் 1759 வரை தீவு தீவாக அலைந்து, செடிகளை உயிரோடு, பூவும் காயுமாகப் பார்த்தவர். திரும்பியதும் 1760இல் ஒரு சிறிய நூலை வெளியிட்டார். அதில் மகோகனியைச் செட்ரெலாவிலிருந்து பிரித்து ஸ்வீட்டெனியா என்ற புதுப் பேரினத்தில் வைத்தார். அந்தப் பெயர் கெரார்ட் வான் ஸ்வீட்டனுக்கு மரியாதையாக வைத்தது. வான் ஸ்வீட்டன் பேரரசி மரியா தெரேசாவின் மருத்துவர், வியன்னாவின் மருத்துவக் கல்வியைச் சீர்திருத்தியவர், அவரும் லெய்டன்காரர், ஜாக்குவின் குடும்பத்துக்கு வேண்டியவர். இளைஞரான ஜாக்குவினை வியன்னாவுக்கு வரச்சொன்னவரே அவர்தான். அந்த நன்றி ஒரு மரத்தின் பெயரில் நிற்கிறது. வான் ஸ்வீட்டன் அந்த மரத்தின் நிழலில் ஒருநாளும் நின்றதில்லை.

இப்போது அடைப்புக்குறிக்கு விளக்கம் எளிது. 'ஸ்வீட்டெனியா மஹகோனி (எல்.) ஜாக்.' என்றால், மஹகோனி என்ற சிற்றினப் பெயரை முதலில் வெளியிட்டவர் லின்னேயஸ், வேறு பேரினத்தில். இன்றைய பேரினத்துக்கு மாற்றியவர் ஜாக்குவின் என்று பொருள். பேரினம் மாறினாலும் சிற்றினச் சொல் கூடவே வரும், புதிதாக ஒன்றை வைக்க ஜாக்குவினுக்கு உரிமை இல்லை. முதலில் முறைப்படி வெளியான சொல்லுக்கே முன்னுரிமை என்பது விதி. எழுத்துக்கும் அதே விதி. ஆங்கிலச் சொல் மஹோகனி, லின்னேயஸ் எழுதியது மஹகோனி. இரண்டுக்கும் 'ஓ' இடம் மாறியிருப்பதைத் தமிழில் எழுதும்போதே கண்ணால் பார்க்கலாம். நாற்றுப்பண்ணைப் பலகைகளில் மட்டுமில்லை, பாடநூல்களில்கூட இதை ஆங்கிலச் சொல்லைப் பார்த்துத் 'திருத்தி' எழுதிவிடுகிறார்கள். திருத்தக்கூடாது. லின்னேயஸின் எழுத்துதான் சரி.

அப்புறம் ஹோண்டுராஸ் மகோகனி. இதன் கதை எனக்கு மிகவும் பிடித்தது, காரணம் அது கல்கத்தாவில் நடக்கிறது. பிரிட்டன் 1721இல் தன் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்துக்கு இறக்குமதி வரியை நீக்கியது. ஜமைக்காவின் மகோகனி கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது, நாற்காலியும் மேசையும் அலமாரியும் அதில்தான். கைக்கெட்டிய மரம் குறையக் குறைய வெட்டுகாரர்கள் கியூபாவுக்கும் ஹிஸ்பானியோலாவுக்கும் நகர்ந்தார்கள், மத்திய அமெரிக்கக் கரைக்கும் போனார்கள். அங்கிருந்து வந்தது ஹோண்டுராஸ் மகோகனி. கொஞ்சம் இலேசான மரம், பெரிய பெரிய பலகை கிடைக்கும், தீவு மரத்தின் இறுக்கமும் ஆழமான நிறமும் அவ்வளவாக வராது. தச்சர்கள் இரண்டையும் தனித்தனியாகவே விலை பேசினார்கள். ஆனால் தாவரவியலில் அதற்குத் தனிப்பெயர் இல்லாமலே நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தது. காரணம், கப்பலேறி வந்தது அடிமரம் மட்டும்தான். இலையும் பூவும் காயும் காட்டிலேயே நின்றுவிட்டன. பலகையை வைத்து சிற்றினம் சொல்ல முடியாது. இன்றும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால்கூட ஸ்வீட்டெனியாவின் சிற்றினங்களை மரத்தின் அமைப்பிலிருந்து நம்பகமாகப் பிரிக்க முடிவதில்லை.

கல்கத்தாவின் தாவரவியல் பூங்காவுக்குக் கரீபிய மகோகனி 1795இல் வந்தது. ஹோண்டுராஸிலிருந்து விதை வந்தது 1872இல். ஹூக்ளிக் கரையில் அந்த விதை முளைத்து வளர்ந்தபோது, பக்கத்திலேயே நின்ற பழைய மகோகனியோடு ஒப்பிடும் வாய்ப்பு பூங்காவின் பொறுப்பாளர் ஜார்ஜ் கிங்குக்குக் கிடைத்தது. கரீபிய மரத்தின் சிற்றிலை ஏறக்குறைய ஐந்தாறு சென்டிமீட்டர். புது மரத்தின் சிற்றிலை பத்து, பதினைந்து சென்டிமீட்டரும் போகும். காயும் அதே மாதிரி. ஒன்று எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரியது, மற்றது தேங்காய்ப் பிஞ்சு அளவு. கிங் 1886இல் அதற்கு ஸ்வீட்டெனியா மேக்ரோஃபில்லா, அதாவது 'பெரிய இலை' என்று பெயர் வைத்தார். மெக்சிகோவிலிருந்து பொலிவியா வரை காடுகளில் நிற்கும் ஒரு மரம், வங்காளத்தில் நட்ட மரத்தை வைத்து அறிவியல் பெயர் பெற்றது. மூன்றாவதாக ஸ்வீட்டெனியா ஹுமிலிஸ் என்று ஒன்று உண்டு, மெக்சிகோ முதல் கோஸ்டா ரிக்கா வரை பசிபிக் பக்கத்து வறண்ட காடுகளில் வளரும் குட்டையான மரம். அதை ஜெர்மானியர் சுக்காரினி முன்பே பெயரிட்டிருந்தார்.

இந்த மூன்றோடு நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் கண்டோலி, தெஸ்மானி, க்ருகோவி, பெலிசென்சிஸ் என்று ஸ்வீட்டெனியாவில் புதுப்புதுச் சிற்றினங்கள் எழுதப்பட்டன. 1981இல் பென்னிங்டனும் ஸ்டைல்ஸும் அமெரிக்க வெப்பமண்டலத்தின் வேப்பங்குடும்பத்தை முழுதாக ஆராய்ந்தபோது மறுபடி மூன்றையே ஏற்றார்கள். நான் சொன்ன நான்கும் இன்று மேக்ரோஃபில்லாவின் இணைப்பெயர்கள்தான். இது சரியான முடிவு என்பதே என் எண்ணம். இலை அளவில் கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் அதெல்லாம் தனிச் சிற்றினம் ஆகிவிடாது.

ஆனால் அந்த மூன்றுக்கும் நடுவே உள்ள வேலியும் உறுதியானது இல்லை. இயற்கையில் அவை பெரும்பாலும் தள்ளித் தள்ளி வளர்ந்தன. ஸ்வீட்டெனியா மஹகோனியின் சொந்த இடம் தென் ஃபுளோரிடா, பஹாமாஸ், கியூபா, ஜமைக்கா, ஹிஸ்பானியோலா. பெரிய இலை மகோகனியின் இடம் பெருநிலம். மனிதர்கள் இரண்டையும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் செயின்ட் குரோயிலும் மார்த்தினிக்கிலும் பக்கத்தில் பக்கத்தில் நட்டவுடன் அவை கலந்துவிட்டன. கலப்பினத்தின் இலை இரண்டுக்கும் நடுத்தரம், அதற்கு ஸ்வீட்டெனியா ஓப்ரெவில்லியானா என்று கலப்புக்குறியோடு ஒரு பெயரும் இருக்கிறது. கலந்து, வளமான விதையும் தருகிறது என்றால் இவை தனிச் சிற்றினங்கள்தானா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தனி நிலப்பரப்பு, தனித் தோற்றம், தனி வாழ்விடம், இந்த மூன்றும் சேர்ந்திருப்பதால் பிரித்து வைத்திருக்கிறார்கள். மாங்காய் வேறு, தேங்காய் வேறு என்கிற அளவுக்குத் தெளிவான பிரிவு என்று யாரும் சொல்லவில்லை.

இன்னொரு செய்தி நம்மூர் மரத்தைத் தொடுகிறது. ஸ்வீட்டெனியா என்ற பேரினம் வந்தபின், கட்டைக்காயும் சிறகு விதையும் உள்ள மரம் எது கிடைத்தாலும் அதில் போடும் வழக்கம் இருந்தது. செனகலின் காயா முதலில் ஸ்வீட்டெனியா செனகாலென்சிஸ்தான். சோழமண்டலக் கரையின் செடிகளை எழுதிய வில்லியம் ராக்ஸ்பரோ இரண்டு மரங்களை ஸ்வீட்டெனியா என்றே 1795இல் வெளியிட்டார். ஒன்று காய்ச்சலுக்குப் பட்டை உதவும் மரம். அது பின்னால் சோய்மிடா என்ற தனிப் பேரினமானது, ஆனாலும் வேப்பங்குடும்பத்திலேயே இருக்கிறது. இன்னொன்று தமிழ்நாட்டில் பொரசு என்றும், ஈழத்தில் முதிரை என்றும் சொல்லும் மரம். வன்னியில் முதிரைக் கதவு போட்ட வீட்டுக்காரர்கள் அதை எவ்வளவு பெருமையாகச் சொல்வார்கள் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். முதிரை இலையை வெளிச்சத்தில் பிடித்தால் ஊசி குத்தியது போல எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும், எலுமிச்சை இலையில் தெரிவது போல. காயும் ஐந்தாக இல்லை, மூன்றாகப் பிளக்கும். அது எலுமிச்சைக் குடும்பம். 1824இல் தனிப் பேரினம் ஆகி, குளோராக்சிலான் ஸ்வீட்டெனியா என்ற பெயர் பெற்றது. அந்தப் பழைய தவறு, சிற்றினப் பெயராக இன்னும் அதன்மேல் ஒட்டியிருக்கிறது. வியன்னா மருத்துவரின் பெயரை நம் முதிரையும் சுமக்கிறது.

கடைசியாக, இதெல்லாம் நாற்று வாங்குகிறவருக்கு எதற்கு? வேப்பங்குடும்பத்தின் மகோகனிக் கிளையைத் தேடித் தின்னும் ஒரு புழு இருக்கிறது, குருத்துத் துளைப்பான். அமெரிக்காவில் இருப்பது ஹிப்சிபைலா கிராண்டெல்லா, நம் பக்கம் ஹிப்சிபைலா ரோபஸ்டா. நம் காட்டுத் தூனாவைத் துளைத்துக்கொண்டிருந்த பூச்சி, கடல் கடந்து வந்த ஸ்வீட்டெனியாவையும் தேடிப் பிடித்தது. இளம்கன்றின் நுனிக்குருத்தைத் தின்றுவிடும், பக்கக்கிளை வெடிக்கும், நேரான அடிமரம் கிடைக்காது. எந்தக் கிளையைச் சேர்ந்த மரம் என்று தெரிந்தால் எந்த ஆபத்து வரும் என்பதும் தெரியும். வணிகத்திலும் அப்படித்தான். அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் பட்டியலில் ஹுமிலிஸ் 1975இலும், மஹகோனி 1992இலும் ஏறின. பெரிய இலை மகோகனிக்கான கட்டுப்பாடு 2003இல் நடைமுறைக்கு வந்தது, அதுவும் அமெரிக்கக் கண்டத்து மரங்களுக்கு மட்டும். பிலிப்பைன் மகோகனி என்று விற்கும் மரமோ ஷோரியா, நம் வடநாட்டுச் சால் மரத்தின் இனம், வேப்பங்குடும்பமே இல்லை.

உங்கள் தோட்டத்தில் நிற்பது எது என்று பார்க்க, முதிர்ந்த மரத்தின் இலையைப் பறியுங்கள், கன்றின் இலை ஏமாற்றும். சிற்றிலை உள்ளங்கைக்குள் அடங்கி, காய் எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் கரீபிய மஹகோனி. சிற்றிலை கையளவு நீண்டு, காய் இரண்டு கையால் பிடிக்கும்படி இருந்தால் கிங் பெயரிட்ட பெரிய இலை மரம், மகோகனி நாற்று என்று இங்கே பெரும்பாலும் விற்பது இதுதான். காய் உருண்டையாக, உச்சியிலிருந்து பிளந்து, விதையைச் சுற்றிலும் மெல்லிய விளிம்புச் சிறகு இருந்தால் அது ஆப்பிரிக்கக் காயா.